நூற்றிருபதுக்கு உட்பட்டவர்கள்

அளவைத் துறை ஆய்வாளர் ஒருவர் தம் மனைவியையும் ஒரே மகளையும் ஒரு நாள் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அழைத்துப் போவது என்பது, உங்களையும் என்னையும் போல பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிற சமாசாரம் அல்ல. அதற்குப் பொருள் வேண்டும், பார்வை வேண்டும், குறிப்பு வேண்டும், கோப்பு வேண்டும். பணமும் வேண்டும். அது ஒன்றுதான் நம் ஆய்வாளரிடம் இல்லை.

கடைத்தெருவில் அவருக்கு 'முத்திரை' என்று பெயர். தராசோ படிக்கல்லோ அளவுகோலோ, அவர் முத்திரை விழுந்தால்தான் அது அளக்கும். விழாதவரை அது வெறும் இரும்பு, வெறும் கட்டை. எடையில் ஐந்து கிராம் குறைந்தால் போதும், கடைக்காரரை வாசலில் நிற்கவைத்து, "அஞ்சு கிராம்தானேன்னு சிரிக்கிறீங்களா? இன்னைக்கு அஞ்சு கிராம், நாளைக்கு நாடு!" என்பார். நாடு எத்தனை கிராம் என்று இதுவரை யாரும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை.

இப்பேர்ப்பட்டவருக்குப் பூங்கா ஆசை எப்படி வந்தது? அவருக்கு வரவில்லை. ஊருக்கு வந்தது, அதனால் அவருக்கும் வந்தாக வேண்டியிருந்தது. பூங்காவுக்குப் போகாத குடும்பத்தை இப்போதெல்லாம் தடுப்பூசி போடாத குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். "இன்னும் போகலையா நீங்க?" என்று அலுவலகத்தில் கேட்டுக் கேட்டே மனுஷனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

மகளுக்கு மட்டும் நிஜமான ஆசை. எட்டு வயது. அவளுக்குப் பூங்காவில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: 'பறக்கும் பாம்பு'. பிள்ளைகளுக்கென்றே விட்டிருக்கும் குட்டி ரயில் அது. மூன்று மாடி உயரம் ஏறி, ஒரு நொடி நின்று, தலைகீழாகப் பாயும். பெரியவர்களுக்கு அதில் இடமில்லை. நூற்றிருபது சென்டிமீட்டருக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் இல்லை. போன வருஷம் இவள் நூற்றுப் பதினைந்து. அன்றிலிருந்து தினமும் காலையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். பிடிக்காத பாலை மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தாள். போன மாதம் அம்மா தையல் டேப்பை வைத்து அளந்தபோது நூற்றிருபத்தொன்றரை. அன்று வீடே இரண்டுபட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வாளர் பூங்காவின் கட்டண அட்டவணையை மேஜையில் விரித்துவைத்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தார்.

"இந்தக் கூட்டத்தின் பொருள் ஒன்று..."

"கூட்டமா? மூணு பேர்தானே உக்காந்திருக்கோம்?" என்றாள் மனைவி. அவள் தையல்காரி. பேச்சுக்காக ஊசியை நிறுத்துகிறவள் அல்ல.

"மூணு பேர் போதும், தீர்மானம் செல்லும். கேளு. நூத்தி இருபதுக்கு உட்பட்டவங்களுக்கு அரை டிக்கெட். பாப்பா நூத்தி இருபத்தொன்றரை. ஆக, ஒன்றரை சென்டிமீட்டர் உபரி. மேற்படி உபரியைக் குறைக்க வழி என்ன?"

"பெத்த புள்ளையக் குறைக்கப் போறீங்களா?"

"புள்ளைய யாரு குறைக்கச் சொன்னா? அளவைத்தான்."

"ஏங்க, இதையே கடைக்காரன் செஞ்சா..."

"அது வியாபாரம். இது குடும்பம்."

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பா, நூத்தி இருபதுக்குக் கீழன்னா பாம்புல ஏத்தமாட்டாங்கப்பா!"

"அட அசடே! டிக்கெட் கவுண்டர்ல ஒரு அளவுகோல், பாம்புகிட்ட ஒரு அளவுகோல். இங்க குனி, அங்க நிமிரு. ஒரு அளவுக்கும் இன்னொரு அளவுக்கும் சம்பந்தமே கிடையாது. இருபத்திரண்டு வருஷமா இந்தத் துறையில குப்பை கொட்டறேன், எனக்குத் தெரியாதா?"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதாவது ஒரு மனம் நிறைவேற்றியது.

தரையைத் தொடும் நீளக் கவுன் ஒன்று தயாரானது. உள்ளே முழங்கால் மடங்கியிருப்பது வெளியே தெரியக் கூடாது அல்லவா? மனைவி இந்தத் திட்டத்துக்கு ஒப்பவே இல்லை. கவுனைத் தைத்தது அவள்தான். ஒப்பாத காரியத்தைக் கச்சிதமாகச் செய்துமுடிப்பது அலுவலகத்தில் மட்டும் நடப்பதில்லை. ஒரு வாரம் கூடத்தில் ஒத்திகை. முதல் நாள் பிள்ளை தவளை மாதிரி நடந்தாள். ஐந்தாம் நாள் பார்த்தால், அவளுக்கு முழங்கால் இருப்பதாகவே தெரியவில்லை. "பேஷ்! இயற்கையா இருக்கு!" என்றார் தகப்பனார்.

பூங்காவில் எல்லாம் திட்டப்படி நடந்தது. கவுண்டருக்குப் பக்கத்தில் மர அளவுகோல். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, எண்ணை மட்டும் பார்த்தாள். நூற்றுப் பத்தொன்பது. மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டினாள். முழு டிக்கெட்டுக்குப் பச்சை, அரை டிக்கெட்டுக்கு மஞ்சள். ஆய்வாளருக்கு வாயெல்லாம் பல். போதாக்குறைக்கு அந்த அளவுகோலில் இருந்தது அவருடைய முத்திரையேதான். போன வருஷம் பூங்காக்காரர்கள் பட்டியலை அனுப்பினார்கள், இவர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமலே நாற்பது அளவுகோலுக்கும் ஒரே மூச்சில் சான்று கொடுத்துவிட்டார். "பாத்தியா? அப்பா முத்திரை!" என்று மகளுக்குக் காட்டினார். அவள் மடக்கிய காலோடு எட்டிப் பார்த்தாள்.

பறக்கும் பாம்புக்கு வரிசை நீளமாக இருந்தது; முன்னால் ஒவ்வொரு குடும்பத்தோடும் ஏதோ வாக்குவாதம், நகரவே இல்லை. மூன்று மணி நேரம் நின்ற பிறகு அவர்கள் முறை வந்தது. மகள் ஓடிப்போய் அங்கிருந்த அளவுகோலில் முதுகை ஒட்டி விறைப்பாக நின்றாள். நூற்றிருபத்திரண்டு! ஆசையிலேயே அரை சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தபோது ஆய்வாளருக்கு, நாம் நல்ல தகப்பன்தான் என்று தோன்றியது.

"உயரம் சரியா இருக்கு," என்றார் ரயிலை ஓட்டுகிறவர். "ஆனா மஞ்சப் பட்டை. ஏத்த முடியாது."

"அதான் உயரம் இருக்குன்னு நீங்களே சொல்றீங்களே?"

"உயரம் இருக்கு சார். ஆனா பட்டைப்படி இல்ல."

"கண்ணால பாக்கறீங்க இல்ல?"

"கண்ணுக்கு ஏது சார் அத்தாட்சி? பட்டைதான் அத்தாட்சி."

இந்த வாக்கியத்தைத் தாம் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம் என்பது ஆய்வாளருக்கு உடனே நினைவு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடையாள அட்டையைத்தான் எடுத்து நீட்டினார். "நான் யாரு தெரியுமா? அளவைத் துறை!"

அவ்வளவுதான், மேலாளர் ஓடிவந்தார். வணக்கம் சொன்னார், நாற்காலி போடச் சொன்னார், குளிர்ந்த தண்ணீர் வரவழைத்தார்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க சார். மீதியைக் கட்டிட்டா பச்சைப் பட்டை குடுத்துடுவோம். பாப்பா இப்பவே ஏறிக்கலாம். ஒரு சின்னப் படிவம் மட்டும் நிரப்பணும்."

மனைவி கைப்பையைத் திறந்தாள். தையல் கூலியில் மிச்சம் பிடித்தது. "இந்தாங்க, கட்டித் தொலைங்க. புள்ள ஏறட்டும். ஒரு வருஷமா கம்பியில தொங்கியிருக்கா."

ஆய்வாளர் பேனாவைத் திறந்து படிவத்தைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. அதில் ஒரே கேள்வி: முதல் அளவு தவறியதற்குக் காரணம் என்ன? இரண்டே கட்டங்கள். ஒன்று, நுழைவாயில் அளவுகோல் பிழையானது. இரண்டு, அளக்கப்பட்டவர் முழங்காலை மடக்கினார்.

முதல் கட்டத்தில் குறியிட்டால், பிழையான அளவுகோலுக்கு முத்திரை கொடுத்தது யார் என்று விசாரணை வரும். இரண்டாவதில் குறியிட்டால், அளவைத் துறை ஆய்வாளர் பெற்ற பிள்ளையின் அளவைத் திருடினார் என்று அவர் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகிவிடும். கடைத்தெருவில் அப்புறம் தலைகாட்ட முடியுமா?

"வேற காரணமே இல்லையா?"

"இல்லையே சார்."

"நடுவுல பாப்பா வளர்ந்துட்டான்னு போடலாமா?"

"மூணு மணி நேரத்துலயா? தாராளமா போடலாம். டாக்டர் சான்றிதழ் மட்டும் வேணும்."

மேலாளர் வரிசையின் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "வேற யாருக்காவது அளவுல சந்தேகம் இருக்கா? மஞ்சப் பட்டைக்காரங்க எல்லாரும் வாங்க, மறுபடி அளந்துடலாம்!"

அப்போதுதான் ஆய்வாளர் வரிசையை நன்றாகப் பார்த்தார். ஐம்பது அறுபது பிள்ளைகள். எல்லார் மணிக்கட்டிலும் மஞ்சள். மீசை அரும்பிய பையன் ஒருவன், அவனும் மஞ்சள்தான். மேலாளர் சொல்லி வாய் மூடவில்லை, வரிசை மொத்தமும் சொல்லிவைத்தாற்போல் ஒரு சாண் இறங்கியது. பெற்றவர்கள் எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். வானத்தில் ஒன்றுமில்லை.

"எழுதுங்களேன்," என்றாள் மனைவி. "இவ்வளவு பேரு செஞ்சிருக்காங்க, உங்களுக்கு மட்டும் என்ன?"

"இவ்வளவு பேருக்கும் என் உத்தியோகமா இருக்கு?"

மகள் அப்பாவின் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்வானேன், அந்த நேரத்தில் அவருக்கு அழுகையே வந்தது. ஆனால் இருபத்திரண்டு வருஷம் முத்திரை குத்திய கை அது. அழுகைக்கெல்லாம் அசைந்து பழகவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"அளவு சரியாத்தான் இருக்கு," என்றார் மேலாளரிடம். "பாப்பா நூத்திப் பத்தொன்பதுதான்."

"அப்படின்னா ரொம்ப சந்தோஷம் சார்," என்றார் மேலாளர்.

பிள்ளை கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி முழங்காலை மடக்கினாள். மனைவி பணத்தைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாம்பு புறப்பட்டது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடியாக வேண்டும், அது விதி. ஓட்டுகிறவர் காலி இருக்கை ஒவ்வொன்றிலும் பாதுகாப்புக் கம்பியை இறக்கி, இழுத்துப் பார்த்துச் சரிபார்த்தார். யாரும் இல்லாத ரயில் மூன்று மாடி ஏறியது, நின்றது, தலைகீழாகப் பாய்ந்தது. கீழே அத்தனை பிள்ளைகளும் முழங்காலை மடக்கியபடி வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"ஏழு வருஷமா ஓடுது சார்," என்றார் மேலாளர் பூரிப்போடு. "தேய்மானமே கிடையாது. நேத்து வாங்கின மாதிரி இருக்கு, பாருங்க. அரை டிக்கெட்டுக்கும் நூத்தி இருபது, பாம்புக்கும் நூத்தி இருபதுன்னு சும்மாவா வச்சோம்?"

ஆய்வாளர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். கவுன் தரையைப் பெருக்கிக்கொண்டு வந்தது.

"அப்பா," என்றாள் மகள். "கால் ரொம்ப வலிக்குதுப்பா. இப்பவாவது நிமிரட்டுமா?"

"பொறும்மா," என்றார் அவர். "பஸ்ல அரை டிக்கெட் வாங்கிடலாம்."