எங்கள் நம்பரில் முன்பு குடியிருந்த ஆள்

மான்மவுத் ஜங்ஷன்,
நியூஜெர்சி

பெருந்துறை ஆறுச்சாமி மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கை சாந்தாமணியைக் கட்டிய நஞ்சுண்டன் கைகூப்பி எழுதுவது. இங்கே மகள் தாமரைச்செல்வி, மாப்பிள்ளை முகிலன், உங்கள் தங்கை, எல்லோரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே தாங்களும் அக்காவும், கன்று போட்ட மாடும் அப்படியே இருக்க மாரியம்மன் அருள வேண்டும். வாட்ஸாப் இருக்கத் தபால் எதற்கு என்று கேட்பீர்கள். இந்த வீட்டில் யார் எது பேசினாலும் ஒரு நம்பர் வழியாகத்தான் வெளியே போகிறதாம். அந்த நம்பரின் லட்சணம் தெரிந்த பிறகு, அதை நம்பிக் குடும்ப விஷயம் பேச எனக்குத் தைரியம் இல்லை.

எல்லாம் டாலஸில் இருக்கும் என் மகன் சபரியின் கல்யாண விஷயமாக வந்தது. இங்கே இரண்டு தெரு தள்ளி ராசப்பன் என்று ஒரு காங்கேயத்துக்காரர் இருக்கிறார். அவர் மகள் வான்மதி பல் டாக்டர், தங்கமான பெண். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான், ஆனாலும் மனிதர் முறை தவறாதவர், கல்யாண வலைத்தளம் வழியாகத்தான் ஜாதகம் வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் வராவிட்டால் கலிஃபோர்னியா வரனுக்குச் சரி சொல்லிவிடுவோம் என்று சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து, குளித்து, திருநீறு பூசிக்கொண்டு அந்தத் தளத்தைத் திறந்தேன் மச்சான், செக்கச் சிவப்பாக எழுத்து வருகிறது. “இந்த இணைப்பிலிருந்து பெண்களிடம் முறைகேடாக நடந்துகொண்டதால் நிரந்தரத் தடை.” கீழே ஒரு நீள நம்பர். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தாமரையைக் கூப்பிட்டு இது யார் நம்பர் என்று கேட்டால், “நம்ம வீட்டு இன்டர்நெட் நம்பர்ப்பா” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு தோசையைத் திருப்பப் போய்விட்டாள்.

இந்த வீட்டில் ஆண்பிள்ளைகள் இரண்டே பேர். நான் அப்படிப்பட்டவன் இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். மிச்சம் யார்? பெற்ற வயிறு பற்றி எரிந்தது என்று சாந்தாமணி சொன்னாள், எனக்கு உடம்பே எரிந்தது. நேராக மாடிக்குப் போய், “ஏனுங் மாப்பிள்ளை, எத்தன நாளா நடக்குது இது? எம்புள்ளைக்கு என்ன கொறைங்க?” என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் வெளுத்துப்போய், “மாமா, மீட்டிங்ல இருக்கேனுங்க, மியூட் பண்ணல!” என்றார். அந்தப் பக்கம் அவருடைய மேனேஜர் திண்டுக்கல்காரராம். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு.

பிறகு மாப்பிள்ளை பொறுமையாக விளக்கினார். அந்த நம்பர் நமக்குச் சொந்தமே இல்லையாம். இன்டர்நெட் கம்பெனிக்காரன் கையில் ஒரு கட்டு நம்பர் இருக்குமாம், வீட்டுக்கு ஒன்றாகக் கொடுப்பானாம், ஒரு வீட்டுக்காரர் காலி பண்ணினாலோ வீட்டிலிருக்கும் இன்டர்நெட் பெட்டியை ரொம்ப நேரம் அணைத்து வைத்தாலோ அதைப் பிடுங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவானாம். “போன மாசம்தான் நமக்கு இந்த நம்பர் வந்துச்சுங் மாமா. முன்னாடி வெச்சிருந்தவன் எவனோ பண்ண வேலைங்க.” மாப்பிள்ளை மேல் குற்றமில்லை என்று மனசு ஆறியது. ஆனால் அடுத்த நிமிஷமே தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் ஊர்பேர் தெரியாத ஒரு பொறுக்கி புழங்கிய நம்பரில்தானே நாங்கள் இத்தனை நாளாகக் கந்தசஷ்டிக் கவசம் கேட்டிருக்கிறோம்? வாடகை வீடு என்றால்கூட வெள்ளையடித்து, பால் காய்ச்சிவிட்டுத்தானே குடிபோவோம்?

ஒரு சம்பந்தம் என்றால் நான் எப்படி விசாரிப்பேன் என்று தங்களுக்குத் தெரியும். டீக்கடை, சலூன், பால்காரர் ஒருவரையும் விடமாட்டேன். உடனே கம்பெனிக்குப் போன் போட்டு, எங்கள் நம்பரில் முன்பு இருந்தவர் யார், எந்தக் குடும்பம், ஏன் காலி பண்ணினார் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அந்தப் பெண், அதெல்லாம் ரகசியம், சொல்லக்கூடாது, பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா என்கிறாள். நான் அந்த ஆளின் குணத்தைக் கேட்கிறேன், அவள் பெட்டியை அணைக்கச் சொல்கிறாள்! என்ன தேசம் மச்சான் இது!

சனிக்கிழமை பெட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டு எல்லோரும் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டோம். திரும்பி வந்து சாந்தாமணி பெட்டிக்குத் திருநீறு பூச, மாப்பிள்ளை சொருக, புது நம்பர் வந்துவிட்டது. தளமும் திறந்துவிட்டது. ஜாதகம் போனது, பத்துக்கு எட்டுப் பொருத்தம், தை பிறந்ததும் நிச்சயம் என்று ராசப்பன் வாயாலேயே சொல்லிவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருந்தாலும் அந்தப் பழைய நம்பரை விட மனசில்லை. இன்னொரு குடும்பம் ஏமாறக் கூடாதல்லவா? தளம் நடத்துகிறவர்களுக்கு ஒரு கடிதம் போட்டேன். “இந்த நம்பரில் யார் வந்தாலும் கதவைத் திறக்காதீர்கள். அந்த வீட்டுக்கு மானம் மரியாதை கிடையாது. அந்த வீட்டில் பெண் எடுப்பவன் வாழ்நாள் முழுக்க அழுவான்.” பெயர் போடவில்லை, ‘மான்மவுத் ஜங்ஷன் பெரியவர்’ என்று மட்டும் போட்டேன். நல்லது செய்ய விளம்பரம் எதற்கு?

நிச்சயத்துக்குத் தாய்மாமனாகத் தாங்கள்தான் முன்னால் நிற்க வேண்டும். விசாவுக்கு இப்போதே எழுதிப் போடவும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
நஞ்சுண்டன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ராசப்பன் வந்தார். மேலெல்லாம் வேர்வை. வெள்ளிக்கிழமை அவர் வீட்டுப் பெட்டி ரிப்பேராகி, சனிக்கிழமை மாற்றினார்களாம். அன்றிலிருந்து அவர் வீட்டில் தளத்தைத் திறந்தால் சிவப்பு எழுத்துத்தான் வருகிறதாம், நம் ஜாதகத்தைக்கூட மகளின் கிளினிக்கில் திறந்துதான் பார்த்தாராம். நம்பரைக் காட்டினார். அதேதான். தளத்துக்காரர்களிடம் நியாயம் கேட்டதற்கு, உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரே புகார் கொடுத்திருக்கிறார் என்று என் கடிதத்தை அப்படியே அனுப்பிவிட்டார்கள். “படிச்சுப் பாருங் சம்பந்தி. எவனோ எம்புள்ள கல்யாணத்தக் கெடுக்க மொட்டக் கடுதாசி போட்டிருக்கானுங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாப்பிள்ளை இருமிக்கொண்டே மாடிக்குப் போய்விட்டார். விசாரிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று சாந்தாமணி ஏற்கெனவே அவர் வீட்டில் பெருமையடித்து வைத்திருக்கிறாள். அதனால் அந்தப் பெரியவரைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை ராசப்பன் என்னிடமே ஒப்படைத்துவிட்டார். தை பிறப்பதற்குள் ஆளைப் பிடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.