கேன் தண்ணியில் கரண்ட்

"அப்பா, நம்ம தண்ணியில கரண்ட் வருது."

ஹேமநாதன் தூக்கிய கேனைக் கீழே வைத்தான். அயனம்பாக்கத்தில் பதினைந்து வருடமாகக் கேன் தண்ணீர் போடுகிறவன் அவன்.

மகள் மோகனப்பிரியா மறுநாள் பள்ளிக் கண்காட்சிக்காக எரிபொருள் மின்கலம் செய்திருந்தாள். கண்ணாடி டம்ளர், இரண்டு பென்சில், ஒரு பேட்டரி, கரண்டை அளக்க ஒரு மீட்டர். பேட்டரியைக் கொஞ்ச நேரம் கொடுத்துக் கழற்றினால், பென்சில் முனையில் ஒட்டிய குமிழ்களை வைத்தே டம்ளர் கரண்ட் தரும்.

"உப்புத் தண்ணி ஒண்ணு புள்ளி ரெண்டு வோல்ட். அத கொட்டிட்டு அதே டம்ளர்ல நம்ம தண்ணிய ஊத்தினேன். புள்ளி ஒம்போது."

"வந்தா நல்லதுதான?"

"சுத்தமான தண்ணின்னா வரவே கூடாதுப்பா."

கண்காட்சிக்கு வரும் பெற்றோரில் பாதிப் பேர் அவனுடைய வாடிக்கைக்காரர்கள்.

"டம்ளர்ல அழுக்கு கீது. குடு இப்டி!"

எலுமிச்சைத் தோலில் உப்பைத் தொட்டுத் தேய் தேயென்று தேய்த்தான். அலசப் பொறுமையில்லை, துணியால் துடைத்துவிட்டுப் புதுக் கேனை உடைத்து ஊற்றினான்.

ஒன்று புள்ளி ஒன்று.

"ஏறுதுப்பா."

"தெரியுது. வாய மூடு."

பென்சிலையும் அதே தோலால் தேய்த்தான். ஒன்று புள்ளி மூன்று. உப்புத் தண்ணீரையே முந்திவிட்டது! டம்ளரைத் தூக்கிச் சுவரில் அடித்தான்.

"அந்த ராகேஷ் தண்ணி மட்டும் இன்னா யோக்கியம்? பாத்துடலாம்."

போட்டிக்காரன் ராகேஷின் வேனை ஓட்டுபவன் கிரண். ஹேமநாதன் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, அவனைத் தெருமுனையில் மறித்து ஒரு கேன் வாங்கி வந்தான். வேறு டம்ளர், வேறு பென்சில்.

மீட்டர் சைபரை விட்டு அசையவே இல்லை.

 ஹேமநாதன் அந்தக் கேனிலிருந்த ராகேஷின் ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டுத் தன் ஸ்டிக்கரை ஒட்டினான்.

"அப்பா, இது தப்பு."

"தப்புதான். ஒட்டலன்னா கடைய மூடணும்."

கண்காட்சியில் அந்தக் கேன் தண்ணீருக்கு மீட்டர் சைபரிலேயே நிற்க, தலைமையாசிரியர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏழு பேர் புதிதாகக் கேன் கேட்டார்கள். அவர்களுக்குத் தன் தண்ணீரைக் கொடுக்க மனம் வராமல், மறுநாள் காலை மறுபடி துண்டைச் சுற்றிக்கொண்டு கிரணிடம் போய் நின்றான்.

"ஏழு கேன் குடுப்பா."

கிரண் அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"துண்டை எடு அண்ணாத்தே, யாருன்னு தெரியுது. எங்க தண்ணி சுத்தம் பண்ற மிஷின் படுத்து ஒரு மாசம் ஆவுது. ஆள் மாத்தி ஆள் அனுப்பி உன் கேனை வாங்கித்தான் எங்க ஸ்டிக்கரை ஒட்டிக்கினு கீறோம்!"