மாமா ரிட்டயர்மென்ட்டும் என் ஒரு டெராபைட் பாட்டும்

போன மாசம் எங்க வூட்ல எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மாமனாரோட ரிட்டயர்மென்ட் விருந்துல பாட்டு போடணும்.

சமையல், பந்தல் எல்லாம் மச்சான் பொறுப்பு. நம்ம மேல அவ்ளோ நம்பிக்கை!

ஆனா மக்களே, பாட்டுன்னா நெய்வேலியிலயே நான்தான்னு எனக்கு ஒரு நெனப்பு. ஹார்டுடிஸ்க் ரொம்பி வழியும். யார் வூட்டுக்குப் போனாலும் அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற பாட்டை மொத்தமா இழுத்துக்குவேன். கேக்கறது கெடையாது, சேக்கறதோட சரி. என் போன்ல எடம் பத்தலன்னா அதுல இருக்கறதையும் அள்ளி இதுலயே கொட்டிடுவேன்.

அன்னைக்கு மாமாவோட குவார்ட்டர்ஸ் வாசல்ல பந்தல். மைன்ஸ்ல அவர்கூட வேலை பாத்த ஷிப்ட் ஆளுங்க மாலை போட்டு ஜீப்புல கூட்டிக்கினு வந்தாங்க. மைக்செட் பாபு லேப்டாப்பை தொறந்தாரு.

"அண்ணே, என்கிட்டயே நல்ல பாட்டா இருக்குண்ணே."

"அதையெல்லாம் காதுகுத்துக்குப் போடு பாபு. இந்தா, இதை சொருகு."

"எந்த ஃபோல்டர்ண்ணே?"

"எல்லாமே முத்தான பாட்டு! மொத்தமா செலக்ட் பண்ணி மாத்தி மாத்தி ஓட வுடு."

அவரும் ஓட வுட்டுட்டு சாப்பிடப் போயிட்டாரு. நான் சாம்பார் வாளியோட பந்தியில பூந்தேன்.

மொத ரெண்டு பாட்டு அமர்க்களம். "யாரு கலெக்‌ஷன்?"னு ஒருத்தர் கேட்டாரு. எனக்கு காலரைத் தூக்க கை இல்ல, வாளி இருந்துச்சு.

மூணாவதா ஒரு அம்மா, "ரிப்பீட் ஆஃப்டர் மீ!"ன்னாங்க. மைன்ஸ்ல என் புரமோஷனுக்காக நான் எறக்கி வெச்ச ஸ்போக்கன் இங்கிலீஷ் பாடம்! ஷிப்ட் ஆளுங்க அப்பளத்தை மென்னுக்கினே ரிப்பீட் பண்ணாங்க. சரி, சிரிச்சுட்டுப் போவட்டும்.

அதுக்கடுத்து, "ஹலோ... சொல்றா செல்வம்."

எங்கயோ கேட்ட குரலா இருக்கேன்னு பாத்தா, அடக் கடவுளே, நான்! போன்ல பேசறதெல்லாம் தானா பதிவாகுற ஆப் ஒண்ணு போட்டிருந்தேன். அதுவும் பாட்டோட பாட்டா கலந்துருக்கு.

ரெண்டு ஸ்பீக்கர்லயும் நான் பேசறேன். "எங்க மாமனார் ரிட்டயர் ஆவறார்டா. குவார்ட்டர்ஸை காலி பண்ணிட்டு எங்க வந்து குந்துவாரு சொல்லு?"

"வேற எங்க, உன் வூட்லதான்!" இது செல்வம்.

வாளியை அப்படியே போட்டுட்டு ஓடினேன். லேப்டாப்ல ஸ்கிரீன் லாக் ஆயிருக்கு! "பாபு, பாஸ்வேர்டு!"ன்னு கத்தறேன். பாபு வாய் நெறைய பாயசம்.

பதட்டத்துல கையில கெடைச்ச ஒயரைப் புடுங்கினேன். பந்தல்ல இருந்த பெரிய ஃபேனுங்க நின்னுச்சு. சத்தம் அடங்கினதுல என் குரல் இன்னும் தெளிவா கேட்டுச்சு.

"அவருக்குக் காது வேற மந்தம்டா. டிவி வெச்சா பக்கத்து பிளாக்குக்கே கேக்கும். அவரு மட்டும் வந்தாருன்னு வெய்யி, நான் டபுள் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கினு மைன்ஸ்லயே படுத்துடுவேன்!"

அப்பதான் ஹார்டுடிஸ்க் கையில கெடைச்சுது. புடுங்கிட்டேன். என் பொண்டாட்டி சுமதி பாத்த பார்வையில வேட்டி அவுந்துடும் போல இருந்துச்சு.

ஒரே ஒரு நம்பிக்கை. மாமாவுக்குத்தான் காது கேக்காதே!

கையலம்பிட்டு மாமா கூப்ட்டாரு. "மாப்ள, இங்க வாங்க."

"ஒண்ணும் கேட்ருக்காதே மாமா?"

"நல்லா கேட்டுச்சு. பாபு ஸ்பீக்கர் அருமை."

அவரு தோள் மேல கை போட்டாரு. "உங்களுக்குத் தொந்தரவு வேணாம்னு சேத்தியாத்தோப்புல ஒரு வூடு பேசி வெச்சிருந்தேன் மாப்ள."

அப்பாடா! "நல்ல காத்தோட்டமான ஊரு மாமா!"

"இப்பத்தான் போன் போட்டு வேணாம்னு சொன்னேன். நீங்க இவ்ளோ எதிர்பாத்துக்கினு இருக்கறப்ப ஏமாத்தலாமா?"

சொன்ன மாதிரியே அடுத்த வாரம் டிவியோட வந்து எறங்கினாரு. ஹாலை ஒரு சுத்து பாத்துட்டு, "ஃபேனுக்கு நேரா இருக்கே, அந்தக் கட்டில் யாரோடது மாப்ள?"ன்னாரு.

அந்த நிமிஷம் வரைக்கும் என்னோடதாத்தான் இருந்துச்சு.