மோட்டார் ரூமில் மாப்பிள்ளையின் சித்தப்பா

புத்தகம் படித்தால் குழந்தைகள் ஒழுக்கமாக வளரும் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வரும். அவர்கள் குழந்தைகளுக்கான புத்தகம் எதையும் படித்ததே இல்லை. குறிப்பாக, கோடை விடுமுறை சாகச நாவல்களை. அவற்றில் வருகிற பிள்ளைகள் வீட்டில் சொல்லாமல் கிளம்புவார்கள். அடுத்தவன் படகை அவிழ்த்துக்கொண்டு தீவுக்குப் போவார்கள். பெரியவர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்பார்கள். கடைசி அத்தியாயத்தில் ஓர் ஆளைப் பாதாள அறையில் தள்ளித் தாழ்ப்பாள் போடுவார்கள். உடனே போலீஸ்காரர் வந்து முதுகில் தட்டிக்கொடுத்து ஐஸ்கிரீம் வாங்கித் தருவார். இதுவா ஒழுக்கம்?

நான் இவற்றைப் படித்துத்தான் வளர்ந்தேன். அதனால்தான் என் அக்காவைப் பெண் பார்க்க வருவதற்கு முன்பே மாப்பிள்ளையின் சித்தப்பாவை மோட்டார் ரூமில் போட்டு அடைத்தேன்.

(முறைக்க வேண்டாம். முழுதாகக் கேளுங்கள்.)

அப்போது மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்தில், கீழ் வீட்டில் குடியிருந்தோம். ஊர் தென்காசிப் பக்கம். அப்பாவுக்குத் தி. நகர் ரங்கநாதன் தெருவில் நைட்டிக் கடை. நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். தம்பி செந்தில் என்னைவிடச் சின்னவன், என்னைவிட அழுமூஞ்சி. மாடியில் வீட்டுக்காரரின் பேரன் ரகு, என் வயதுதான். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு துப்பறியும் கூட்டம். நாவல்களில் கூட்டத்துக்குக் கட்டாயம் ஒரு நாய் இருக்கும். நாங்களும் தெருநாய் ஒன்றைச் சேர்த்துக்கொண்டோம். அது ரகுவின் பிஸ்கட் பாக்கெட்டை முழுதாகத் தின்றுவிட்டு இஸ்திரி வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தது. அத்துடன் ராஜினாமா.

சந்து முனையில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. அங்கே ஓர் அலமாரி முழுக்க இந்த நாவல்கள்தான். அட்டை பிய்ந்து, பசை காய்ந்து, முன்னால் படித்தவர்களின் எண்ணெய்க் கை பட்ட பக்கங்கள். எடுத்தால் கீழே வைக்க முடியாது. அந்தக் கதைகளில் கோடை என்றால் புல்வெளியும் இளவெயிலும். எங்களுக்குக் கோடை என்றால் தார் உருகிச் செருப்பு ஒட்டிக்கொள்ளும். அவர்கள் இஞ்சி போட்ட ஏதோ குளிர்பானம் குடித்தார்கள் என்பதற்காக நாங்கள் மே மாதத்தில் சுக்குத் தண்ணி காய்ச்சிக் குடித்தோம். செந்திலுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. அவர்கள் டப்பாவில் அடைத்த பழம் தின்றார்கள். எங்கள் வீட்டில் இருந்த ஒரே டப்பா நெய் டப்பா. அதைத் திறந்து தின்றோம்.

எல்லாம் செய்தோம். ஒரு குறைதான். திருடன் கிடைக்கவில்லை.

அந்த மே மாதம் வீட்டில் வேறு ஒரு பரபரப்பு. சங்கரி அக்காவுக்கு வரன் வந்திருந்தது. முன்னால் வந்த ஒன்று ஜாதகத்தில் போனது. இன்னொன்று காரணம் சொல்லாமலே போனது. "இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே எவன் முன்னாடியும் காபித் தட்டோட வந்து நிக்க மாட்டேன்" என்று அக்கா சொல்லிவிட்டாள். சொன்னாளே தவிர, மாப்பிள்ளையின் போட்டோவைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தோம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் சத்தம் காட்டாமல் வந்து, அக்கம்பக்கத்தில் பெண்ணையும் குடும்பத்தையும் பற்றி விசாரித்துவிட்டுப் போவார். பெண் வீட்டுக்குத் தெரியக்கூடாது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இது தெரியும். எங்களிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்காவது தோன்றியதா? இல்லை. பிள்ளைகளிடம் எதையும் சொல்லாமல் இருந்துவிட்டு, பிறகு அறிவிருக்கா என்று கேட்பதுதான் பெரியவர்களின் வேலை.

ஒரு நாள் காலை சந்தில் அந்த ஆள் வந்தார். கறுப்புக் கண்ணாடி (கண்ணில் ஆபரேஷன் செய்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது), கையில் குடை, கக்கத்தில் மஞ்சள் பை. எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். கடைசியில் முனையில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார். நாங்கள் இஸ்திரி வண்டிக்குப் பின்னால் நின்று கேட்டோம்.

"அந்தக் கீழ் வீட்டுல மொத்தம் எத்தன பேரும்மா?"

"அந்தப் பெரிய பொண்ணு வெளிய தனியாத்தான் போகுமா? துணைக்கு யாராவது போவாங்களா?"

"நகை நட்டு எப்படி? கழுத்துல காதுல போட்டிருக்குமா?"

"அவங்க அப்பா கடையிலேர்ந்து வர லேட் ஆகுமோ?"

நீங்களே சொல்லுங்கள். கல்யாண விசாரணைக்கும் கொள்ளைத் திட்டத்துக்கும் இதில் என்ன வித்தியாசம்?

பூக்காரம்மாவுக்கே பொறுமை போய்விட்டது. "இன்னா பெருசு, கேள்வி மேல கேள்வி கேட்டுக்கினே கீற? பெரிய பொண்ணு தங்கம். சின்னது ஒண்ணு கீது பாரு, அதான் வாயி. அதுக்கு பயந்தே நான் அந்தாண்ட பூ குடுக்கப் போறதில்ல" என்றாள்.

(பூக்காரம்மாவையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.)

கிணற்றடியில் இருந்த மோட்டார் ரூம்தான் எங்கள் தலைமையகம். ஒரு மண்பானை, கவிழ்த்துப் போட்ட வாளி, நூலகப் புத்தகங்கள், பொட்டலத்தில் பக்கோடா. அங்கே அவசரக் கூட்டம் போட்டோம்.

"சந்தேகமே இல்ல, கடத்தல்தான்" என்றான் ரகு. "உங்க அக்காவைக் கடத்திண்டு போய்ப் பட்டினப்பாக்கத்துல படகுல ஏத்திடுவா."

"அக்காவையா?" என்றான் செந்தில். "கடத்தினவனே சாயங்காலம் ஆட்டோ வச்சுக் கொண்டாந்து விட்டுருவான்."

அம்மாவும் அக்காவும் ஜாக்கெட் துணி வாங்கப் பாண்டி பஜார் போயிருந்தார்கள். ரகுவின் பாட்டி மாடியில் தூக்கம். பெரியவர்கள் யாரும் இல்லாத வீடு. நாவல்களில் மட்டும் கிடைக்கிற பாக்கியம் எங்களுக்கும் கிடைத்துவிட்டது.

அப்போது கேட் சத்தம். அவரேதான்.

"பாப்பா, நீ இந்த வீடா? உனக்கு ஒரு அக்கா இருக்கால்லா?"

எதிரிக்குத் தவறான தகவல் கொடுக்க வேண்டும். நாவல்களில் அப்படித்தான். "இந்த வீட்டுல பொண்ணே கிடையாது. ஒரு பைத்தியக்காரத் தாத்தா மட்டும்தான் இருக்காரு. கடிப்பாரு" என்றேன்.

அவர் ஓர் அடி பின்னால் போனார். பிறகு கண்ணாடியைக் கழற்றி நெற்றி வேர்வையைத் துடைத்தார். "சரி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா தாயி?"

"பின்னால ரூம்ல பானை இருக்கு."

அந்த வெயிலில் பானைத் தண்ணீர் என்றால் யார்தான் வரமாட்டார்கள்? வந்தார். குனிந்து உள்ளே போனார். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "பாப்பா! காத்துல கதவு சாத்திக்கிச்சு பாரு!"

காற்றாம். மே மாதம், மயிலாப்பூரில், காற்று! அந்த மனிதருக்கு எங்கள் மேல் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அன்றைக்கு ஐஸ்கிரீம் எங்கே வாங்கலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ரகு மாடிக்கு ஓடிக் கடைக்குப் போன் செய்தான். "மாமா, உங்காத்துல கடத்தல்காரன் ஒருத்தனைப் பிடிச்சு வச்சிருக்கோம். சீக்கிரம் வாங்கோ" என்று சொல்லிவிட்டு, அப்பா கேள்வி கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

உள்ளே கொஞ்ச நேரம் கதவைத் தட்டினார். கூப்பிட்டார். ஊர்ப் பாஷையில் திட்டினார். பிறகு சத்தம் நின்றுபோனது. ஒரு முனகல்கூட இல்லை.

"செத்துட்டாரோ?" என்று செந்தில் அழ ஆரம்பித்தான். எந்த நாவலிலும் அடைத்து வைத்த ஆள் செத்துப்போவதில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. தாழ்ப்பாளைத் திறக்கவும் பயம், திறக்காமல் நிற்கவும் பயம். உலகத்திலேயே மகா கோழையான துப்பறியும் கூட்டம் அன்று அந்தக் கிணற்றடியில் நின்றது.

ஆட்டோவில் அப்பா வந்து குதித்தார். கூடவே கடைப் பையன்கள் இரண்டு பேர், உயரத்தில் தொங்கும் நைட்டியை எடுக்கிற கொக்கிக் கம்புடன். அதே நேரம் பார்த்து அம்மாவும் அக்காவும் திரும்பி வந்தார்கள். "அண்ணாச்சி, நீங்க தள்ளிக்கோங்க" என்று ஒரு பையன் கம்பை ஓங்க, இன்னொருவன் தாழ்ப்பாளை இழுத்தான்.

உள்ளே, கவிழ்த்துப் போட்ட வாளியில் அவர் உட்கார்ந்திருந்தார். சிமெண்ட் ஜன்னல் வழியாக விழுந்த வெளிச்சத்தில் எங்கள் நூலகப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, எங்கள் பக்கோடாவைத் தின்றுகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"யாருய்யா நீ?" என்று அப்பா கத்தினார்.

அவர் கையை மட்டும் உயர்த்தினார். "செத்த பொறுங்க. பிள்ளைங்க குகைக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. தண்ணி ஏறிக்கிட்டு வருது."

கொக்கிக் கம்பு அந்தரத்தில் நின்றது. அவர் பக்கத்தை முடித்தார். மூலையை மடித்தார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "நான் மாப்பிள்ளையோட சித்தப்பா. பொண்ணு வீட்டைப் பத்தி விசாரிக்க வந்தேன்" என்றார்.

அப்பா துணி துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கடைப் பையன் கம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தான் (அது அவன் தலைக்கு மேல் இன்னும் ஓர் ஆள் உயரம் நீட்டிக்கொண்டிருந்தது). அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா என்னைப் பார்த்தாள். திட்டவில்லை, அடிக்கவில்லை. வீட்டுக்குள் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் அழுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அடைத்து வைத்தது அவளுடைய கல்யாணத்தை.

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அவரோ, "இந்தப் புஸ்தகத்தை வீட்டுக்குக் கொண்டு போய்ப் படிச்சிட்டுத் தரட்டா?" என்றார்.

"முடியாது. லைப்ரரி புக்கு, நாளைக்குத் திருப்பிக் கொடுக்கணும்" என்றேன்.

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "ஏட்டி, வாய மூடுட்டி!"

"பிள்ளை சொல்றது நியாயம்தான்" என்ற சித்தப்பா, எங்கள் வீட்டு முன்னறையில் ஃபேனுக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். அம்மா காபி கொண்டு வந்தாள். பஜ்ஜி வந்தது. அப்பா எதிரில் கைகட்டி நின்றார். அக்காவின் வாழ்க்கை அந்தப் புத்தகத்தில் மிச்சமிருந்த பக்கங்களில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் சிரித்தால் அப்பாவும் சிரித்தார். அவர் புருவத்தைச் சுருக்கினால் அப்பாவுக்கு வேர்த்தது. கடைசிப் பக்கத்தைப் புரட்டி, புத்தகத்தை மூடி, "அப்பாடா. தப்பிச்சிட்டாங்க" என்றார். எதைச் சொல்கிறார் என்று புரியாமல் அப்பா கும்பிட்டார்.

பிறகு அவர் அறைக் கதவுக்கு வெளியே நின்று, "தாயி, அழாத. வெள்ளிக்கிழமை எல்லாரும் பொண்ணு பார்க்க வாரோம்" என்றார். என் பக்கம் திரும்பி, "இதுக்கு அடுத்த கதை இருக்கா? வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்து வை" என்றார்.

அவர் தன் வீட்டில் போய்ச் சொன்னதை, மாப்பிள்ளை எங்கள் அத்தான் ஆன பிறகு எங்களிடம் சொன்னார். "அக்காவுக்கு ஒண்ணுன்னா அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைங்க பெரிய ஆளையே அடைச்சுப் போடுது. இதுக்கு மேல என்னத்த விசாரிக்க?"

வெள்ளிக்கிழமை வந்தார்கள். அக்கா காபித் தட்டுடன் வந்து நின்றபோது சித்தப்பாவைக் காணவில்லை. பெரியவர்கள் தேடி வந்தால், மோட்டார் ரூமில் எங்களோடு உட்கார்ந்து அடுத்த கதையைப் படித்துக்கொண்டிருந்தார்.

திட்டுவது எனக்குச் சுலபம். நன்றி சொல்லத்தான் வாய் வராது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான் பார்க்காத கடலையும், தின்னாத பண்டத்தையும் எழுதி, உச்சி வெயிலில் என்னை ஒரு தீவில் கொண்டுபோய் இறக்கிவிட்டவர்களுக்கு நன்றி. சின்னப் பிள்ளைகள் துணிந்தால் ஏதாவது செய்ய முடியும் என்று நம்ப வைத்ததற்கு நன்றி. (செய்ததெல்லாம் தப்பாகப் போனது என் குற்றம், அவர்களுடையது அல்ல.) முடி நரைத்த ஒரு மனிதரை, அடைத்து வைத்த கோபத்தையே மறக்கும்படி ஒரு குகைக்குள் இழுத்துக்கொண்டார்களே, அதற்குப் பெரிய நன்றி. இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் படிக்கிறார்கள் என்று கேட்கிறவர்கள் ஒரு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசட்டும். சித்தப்பா பாலவாக்கத்தில் மகன் வீட்டில் இருந்த கடைசி நாள் வரைக்கும், ஒவ்வொரு கோடைக்கும் நான் ஒரு பை நிறையப் புத்தகம் கொண்டு போனேன். நாங்கள் அடைத்து வைத்த அந்த நாளுக்குப் பிறகு யார் வீட்டுக்கு வரன் விசாரிக்கப் போனாலும் அவர் மஞ்சள் பையில் அவற்றில் ஒன்று இருக்கும். "எங்க எப்ப அடைப்பாங்களோ, யாரு கண்டா?" என்பார்.

இப்போது அக்கா மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள். இந்த மே மாதம் அடையாறில் ஒரு வீட்டைப் பற்றி விசாரிக்க அத்தான் கிளம்பினார். அக்கா வாசல்வரை வந்து, "புத்தகம் எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். எடுத்துக்கொண்டார். சாயங்காலம் வெயிலில் கறுத்துப்போய்த் திரும்பி வந்தார்.

"வீடு எப்படி?" என்றாள் அக்கா.

"நல்லவங்கதான். ஆனா ஒருத்தர்கூட அடைச்சு வைக்கலை" என்றார் அத்தான், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"அப்போ வேற இடம் பாருங்க" என்றாள் அக்கா.