பாலன் குடிலில் இறங்கிய மலை

குடில் கட்டுகிறவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தே தீரும். யேசு பாலனுக்கே வீடு கட்டிக் கொடுக்கிறேன் என்கிற நினைப்பு பொல்லாதது. எனக்கு அது அளவுக்கு மிஞ்சியே இருந்தது.

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் எங்கள் குறுகின ஒழுங்கையில் பாலன் பிறக்கிற நத்தார் என்றால் புது உடுப்பைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். "உங்கட குடில் எப்படி?" என்றுதான் கேட்பார்கள். நான் வருசாவருசம் சீமெந்துப் பையைக் கசக்கி, பச்சையும் மண்ணிறமும் பூசி மலை செய்வேன். மலை என்று நான்தான் சொல்லவேண்டும். (பக்கத்து வீட்டு அந்தோனி, "என்ன மச்சான், யானை படுத்திருக்கா?" என்று கேட்டதை இங்கே எழுதத் தேவையில்லை.)

என் தங்கச்சி ஸ்டெல்லா அப்போது பல்கலைக்கழகத்தில் இருந்தாள். எங்கள் குடும்பத்தில் அந்த வாசலை மிதித்த முதல் ஆள். நக்கிள்ஸ் மலையில் ஆராய்ச்சி. எந்தப் பாறை உதிர்ந்து எந்த மண் ஆகிறது, அந்தப் பாறையிலும் மண்ணிலும் எந்தப் பாசி பிடிக்கிறது என்று பார்க்கிற வேலை. எட்டாம் வகுப்போடு துறைமுகப் பண்டகசாலைக்கு மூட்டை எண்ணப் போன எனக்கு இது எங்கே விளங்கும்? யாராவது கேட்டால், "டொக்டர் மாதிரித்தான். மலைக்குப் பார்க்கிற டொக்டர்" என்பேன்.

அந்த வருசம் அவள் புறப்படும்போதே சொல்லிவிட்டேன்: "பிள்ளை, வரேக்க குடிலுக்கு ரெண்டு கல்லும் கொஞ்சம் பாசியும் கொண்டு வா."

"ஓம் அண்ணா" என்றாள்.

நத்தாருக்குக் கிட்டவாக ஒரு பெரிய தகரப் பெட்டியோடு வந்து இறங்கினாள். அதை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு, எழுதினதை டைப் அடிக்க வெள்ளவத்தையில் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். நான் பெட்டியைத் திறந்தேன். கடதாசியில் சுற்றின கல்லுகள், பொலித்தீன் பைகளில் மண்ணோடு பாசி. மழை மணம் வீடெல்லாம் அடித்தது. ரெண்டு கல்லுக் கேட்டால் பிள்ளை ஒரு மலையையே கொண்டு வந்திருக்கிறாளே! செபமாலையைத் தொட்டுக் கும்பிட்டேன்.

ஒவ்வொரு கல்லிலும் ஏதோ எழுதின கடதாசித் துண்டு கட்டியிருந்தது. துறைமுகத்தில் சாமான் வந்து சேர்ந்தால் துண்டைக் கழற்றி எறிவதுதான் எங்கள் வழக்கம். எறிந்தேன். பிறகு பார்த்தால் கல்லெல்லாம் வெள்ளையும் சாம்பலுமாக ஒரே பூஞ்சணம். பாலன் படுக்கிற இடமல்லவா? சவர்க்காரத் தூள் போட்டு, தேங்காய்த் தும்பால் தேய்த்து, ரெண்டு தரம் கழுவினேன். பளபளவென்று வந்தது. பாசியைப் பரப்பி, நாள் தவறாமல் தண்ணி தெளித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பங்குச் சுவாமி குடில் பார்க்க வந்தார். முழந்தாளிட்டுக் குனிந்து கனநேரம் பார்த்தார்.

"மலைநாட்டைத் தூக்கி வைச்ச மாதிரி இருக்கே!"

நான் ஒரு அடி உயர்ந்தேன். அவர் எழும்பினபோது வெள்ளை அங்கியின் கீழ் ஓரத்தில் ரத்தம். பாதத்திலும் சொட்டுச் சொட்டாக. என் மனுசி மேரி தடாலென்று முழந்தாளில் விழுந்தாள்.

"ஆண்டவரே! சுவாமிக்கு யேசுவின்ர திருக்காயம் கிடைச்சிட்டுது!"

நானும் விழுந்தேன். (நான் கட்டின குடிலிலா இந்த அற்புதம்! பேராயர் ஆண்டகை வந்தால் உட்கார நல்ல கதிரை யார் வீட்டில் இரவல் வாங்கலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.)

சுவாமி அங்கியை மெல்லத் தூக்கிப் பார்த்தார். "அற்புதம் இல்லைப் பிள்ளைகள், பாசியோட வந்த அட்டை. கொஞ்சம் உப்புக் கொண்டாங்கோ."

அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா வாசலில் வந்து நின்றாள். சுவாமியைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்க்கவில்லை. குடிலைப் பார்த்தாள்.

"அண்ணா... கல்லைக் கழுவினீங்களா?"

"ஓம் பிள்ளை, ரெண்டு தரம்!"

"துண்டுகள்?"

"எல்லாம் கழற்றி எறிஞ்சிட்டன்."

அப்படியே தரையில் குந்திவிட்டாள். நான் பூஞ்சணம் என்று தேய்த்ததைத்தான் அவள் மலை மலையாக ஏறித் தேடியிருக்கிறாள். எந்தக் கல் எந்தச் சரிவில் எடுத்தது என்று இனிக் கல்லுக்கே தெரியாது. விடுமுறை முடிய இவற்றைப் பேராசிரியருக்குக் காட்டாவிட்டால் பட்டம் இல்லை. இதையெல்லாம் அவள் ஏச்சாகச் சொல்லவில்லை; செபம் சொல்வது போல் மெதுவாகச் சொன்னாள். பிறகு தோள் பையைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினாள். உள்ளே ரெண்டு கல், கொஞ்சம் பாசி.

"உங்களுக்கு வேறயாத்தான் கொண்டு வந்தனான், அண்ணா."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். என் கண் தன்பாட்டில் ஒழுகியது.

சுவாமி காலில் துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "பாவசங்கீர்த்தனம் பிறகு பார்ப்பம். மலைக்கு பஸ் எத்தனை மணிக்கு?"

நத்தார் முடிந்த கையோடு லீவு போட்டு, கல்லுச் சுமக்க அவளோடு போனேன். எடுத்த இடங்கள் அவளுக்கு மனப்பாடம். எனக்கோ கொழும்பு உடம்பு. குளிரில் பல் தாளம் போட்டது. அட்டைகள் என்னை ஆசையோடு வரவேற்றன. (சுவாமியின் ரத்தத்தைவிடப் பாவியின் ரத்தம் ருசியாக்கும்.) ஒரு ஈரப் பாறையில் கால் வைக்கப் போனேன். "மிதிக்காதேங்கோ!" என்று ஸ்டெல்லா கத்தினாள். என்மேல் உள்ள கரிசனை என்று நினைத்தேன். பாறையில் இருந்த பாசிக்காகத்தான் கத்தினாளாம். தூக்கின கால் தடுமாறிச் சறுக்கி, கல்லுச் சாக்கோடு ஓடைக்குள் விழுந்தேன்.

"என்ன அண்ணா, மூன்றாம் தரமும் கழுவப் போறீங்களா?"

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். வாடிப் போயிருந்த முகத்தில் அந்தச் சிரிப்பைக் கண்டதும், இடுப்பளவு குளிர்த் தண்ணியில் இருந்தபடியே ஆண்டவருக்குத் தோத்திரம் சொன்னேன்.

பிள்ளைக்குப் பட்டம் கிடைத்தது. இப்போது அவளே மாணவர்களை அந்த மலைக்குக் கூட்டிப் போகிறாள். அந்த இடத்துக்கு அவர்களிடையே பெயர், "அண்ணன் விழுந்த பாறை". கொட்டாஞ்சேனையில் எத்தனையோ பெரிய மனிசருக்குப் பெயர் சொல்ல ஒரு ஒழுங்கைகூட இல்லை; எனக்கு ஒரு பாறையே இருக்கிறது. போன பயணத்தில் ஒரு பெடியன் கேட்டானாம்: "மிஸ், அந்த அண்ணன் பெரிய விஞ்ஞானியா?"

"ஓம்" என்றாளாம் ஸ்டெல்லா. "என்ர முதல் ஆராய்ச்சியைச் சவர்க்காரம் போட்டுச் சோதிச்சவர்."