ஏசி பெட்டிக்கு மேலே நாரைக்கூடு

கர்த்தருக்குள் பிரியமான மருமகன் எபி அவர்களுக்கு, மாமனார் எலியேசர் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை பாக்கியவதியும் சுகம். அங்கே நீங்கள், மகள் ரீபா, பிள்ளைகள் எல்லோரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

போன கோடையில் அத்தை மயங்கி விழுந்ததைக் கேட்டு நீங்கள் வாங்கி அனுப்பிய ஏசி அருமையாக ஓடியது. ஓடியது என்று ஏன் எழுதுகிறேன் என்றால், அதன் வெளிப்பெட்டிக்கு நேர் மேலே, புளியமரத்தில், வலசை வந்த மஞ்சள் மூக்கு நாரை குஞ்சு பொரித்திருக்கிறது. நாரை கூட்டில் இருந்தால் கல்யாணத்துக்குக்கூட வெடி போடாத ஊர் இது, ஆனால் ஏசி போடலாமா என்று பெரியவர்கள் யாரும் சொல்லி வைக்கவில்லை. சில நாளாக அது வாயைப் பிளந்தபடி நின்றது, காலெல்லாம் வெள்ளையாக ஒழுகியிருந்தது, வயிற்றுப்போக்கு என்று நானே முடிவுகட்டி உப்பும் சீனியும் கலந்த தண்ணீரை மொட்டைமாடியில் வைக்க, அதைக் காகங்கள் குடித்துத் தெம்பாகி என் தலையிலேயே கொத்த, கடைசியில் கால்நடை மருத்துவர் கலையரசியை அழைத்து வந்தேன். அந்தம்மா சிரிக்கவில்லை, அது பெரிய குணம்.

"இது நோவு இல்ல அண்ணாச்சி. சூடு தாங்காம அதுவே கால்ல எச்சம் போட்டுக்கிடும், அந்த ஈரம் காயும்போது உடம்பு குளுரும். தொண்டைய ஆட்டுததும் அதுக்குத்தான். வெயில் முன்னமாதிரியா அடிக்குது? மேல வெயிலுன்னா ரெக்கைய விரிச்சுக் குஞ்சுக்கு நிழல் கொடுக்கும். கீழருந்து இந்தப் பெட்டி ஊதுத அனலுக்கு அது என்ன செய்யும்?"

எனக்கு மனசு ஆறவில்லை. நாங்கள் குளிர்ந்துகொண்டு அதன் பிள்ளைகளை வேகவைத்திருக்கிறோம். அன்றே ஏசியை அணைத்தாயிற்று. அத்தை ஈரத்துண்டும் விசிறியுமாக உட்கார்ந்திருக்கிறாள், மறுபடியும் விழுந்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகையால் கோபிக்காமல் ஒரு மெக்கானிக்கோடு உடனே வந்து பெட்டியை வடக்குச் சுவருக்கு மாற்றித் தரவும். பிள்ளைகளும் வரட்டும், லீவு முழுக்க இங்கேயே இருக்கலாம்.

தேவ கிருபை உங்கள் வீட்டில் தங்குவதாக.

அன்புள்ள மாமா,
எலியேசர்

பின்குறிப்பு: வர வேண்டாம். வடக்கே போய்ப் பார்த்தேன், வேப்பமரத்திலும் இரண்டு கூடு. மத்தியானம் அத்தைக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, நான் ஓடிப்போய் ஏசியைப் போட்டேன், அவள் தள்ளாடி எழுந்து வந்து அணைத்துவிட்டாள். "குஞ்சுக்கு ரெக்க முளைக்கல, அது எங்கன போவும்? நமக்குக் காலு இருக்குல்லா, களக்காட்டுல அக்கா வீட்டுக்குப் போவோம்" என்கிறாள். மலையடிவாரம், கொஞ்சம் குளிர்ச்சி. வீட்டைப் பூட்டிவிட்டோம். குஞ்சுகள் பறக்கும்வரை நாரை இங்கே இருக்கட்டும், இந்த வருஷம் வலசை நாங்கள் போகிறோம்.