நடைபாதையை ஆண்ட வன்னியர்

கண்டியில் கடைசி அரசனுக்குப் பிறகு வேறு அரசனே இருக்கவில்லை என்று சொல்பவர்கள் எங்கள் அலுவலகத்தின் மேல்மாடிக்கு ஏறி வந்ததில்லை. அங்கே ஒருவர் ஆண்டுகொண்டிருந்தார். பதவி எழுதுவினைஞர், ஊர் முல்லைத்தீவுக் கரை. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. வன்னியர் என்றால் தேநீர் கொண்டுவருபவருக்கும் தெரியும்.

ஒரு பக்கம் யாழ்ப்பாண அரசன், மறுபக்கம் தெற்கு அரசன், நடுவே காடும் கடலோரமும். அந்த எல்லை நாட்டை ஆண்ட வன்னியர் பரம்பரை தன்னுடையது என்பது அவர் வாதம். பலமான அரசனுக்கு யானையைத் திறையாக அனுப்புவார்களாம். அதற்குமேல் யார் பேச்சையும் கேட்கமாட்டார்களாம். சரித்திரப் புத்தகமொன்று அவர்களைக் குறுநில மன்னர் என்று எழுதியிருப்பதை யாரோ காட்டிவிட்டார்கள். மனுஷன் அன்று மதியம் சாப்பிடவேயில்லை.

"குறுநிலமாம். எழுதினவரை ஒருக்கா நடந்து பாக்கச் சொல்லும்" என்று என்னிடம் பாய்ந்தார், ஏதோ நான் எழுதியதுபோல.

பரம்பரை உண்மையோ பொய்யோ, ஆட்சிமுறை அதேதான். எங்கள் மாடியில் இரண்டு பிரிவுகள். ஒன்றுக்கு மேடம் தலைவி, மற்றதற்கு சேர் தலைவர். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு அறைக்கும் நடுவே நடைபாதையில் வன்னியரின் மேசை. திங்கட்கிழமை தோறும் இருவருக்கும் ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழம் வைப்பார். பிறகு மேடம் கூப்பிட்டால் சேருடைய வேலை தலைக்குமேல் கிடக்கிறது என்பார். சேர் கூப்பிட்டால் மேடத்தின் வேலை. அத்தனையையும் அக்குறணையிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்த நான் செய்தேன். வயிறெரிந்து ஒருநாள் கேட்டும்விட்டேன். குடிமக்கள் ஊழியம் செய்யத்தான் வேண்டும் என்றார்.

அப்போதுதான் ஒரு காணிக் கோப்பு காணாமல் போனது. மேடத்தின் அறையிலிருந்து எடுத்துப்போய் சேரின் மேசையில் வைத்தவன் நான். வரவேயில்லை என்று சாதித்தார் சேர். மேடம் அதை அனுப்பவேயில்லை என்று எழுதித் தா என்றார் அவர். சேர்தான் தொலைத்தார் என்று எழுதித் தா என்றார் மேடம். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. யாருக்கு எழுதிக்கொடுத்தாலும் மற்றவர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வீட்டில் உம்மா என் சம்பளத்தை நம்பி இருந்தார்.

வன்னியர் என்னைக் கூப்பிட்டு, கோப்பை எந்த வழியாகக் கொண்டுபோனேன் என்று விசாரித்தார். இந்த நடைபாதை வழியாகத்தான் என்றேன்.

"அப்ப இது என்ர எல்லைக்குள்ள நடந்த விஷயம். நீர் விலகும் தம்பி."

தன் கவனக்குறைவால் தொலைந்தது என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். நான் எவ்வளவோ மன்றாடினேன். காதிலேயே வாங்கவில்லை. இரண்டு அரசர்களையும் பேய்க்காட்டி ஏமாற்றிக்கொண்டே காலம் தள்ளிய மனுஷன், எனக்காகப் போய் இருவரிடமும் தலையைக் கொடுத்தார்.

மேடமும் சேரும் முதல் தடவையாக ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். வன்னியருக்குத் தண்டனை இடமாற்றம். மூன்று மாதம் கழித்து, அந்தக் கோப்பு சேரின் அலுமாரிக்குள்ளேயே கிடைத்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் பெயரில் விழுந்த கறையை அழிக்கச் சொல்லி இரண்டு தரம் எழுதினேன். இன்றுவரை பதில் இல்லை. இவர்களெல்லாம் மனுஷர்களா?

கோபத்தோடு அவருக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"அது கிடக்கட்டும்" என்றார். "உம்மை நிரந்தரமாக்கிப்போட்டினமோ?"

ஓம் என்றேன்.

அவர் உண்மையில் வன்னியர் பரம்பரைதானா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்று யாராவது சொன்னால் மட்டும் பொல்லாத கோபம் வருகிறது.